வளாகத்தில் பாட்டில் தண்ணீரைக் குறைக்க: குழாயிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

பல்கலைக்கழக வளாகத்தில் பாட்டில் தண்ணீரைக் குறைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மாணவராக இருக்கலாம், விடுதிக் காப்பாளராக இருக்கலாம், பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். வழக்கமாக இந்த வேலை சுவரொட்டியில் தொடங்கும். அடுத்து எல்லோருக்கும் எஃகு பாட்டில் கொடுப்பார்கள். அதன்பின் "இனி பாட்டில் தண்ணீர் விற்கப்படாது" என்று சுற்றறிக்கை வரும். குழாயில் என்ன வருகிறது என்று கடைசியில்தான் யாராவது கேட்பார்கள். இந்த வரிசை தலைகீழானது. ஆட்கள் பாட்டில் வாங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் குழாய்தான்: கிட்டத்தில் இல்லை, அல்லது மெதுவாக வருகிறது, அல்லது குடிக்க மனம் வரவில்லை. அதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பணமும் உழைப்பும் வீண்.

ஒரு கல்வியாண்டை இதற்கு ஒதுக்குங்கள். முதல் மூன்று மாதம் எண்ணுவதற்கும் சோதிப்பதற்கும் மட்டுமே போகும். அந்த மூன்று மாதத்தைச் சுருக்கிவிடாதீர்கள்.

எண்ணிக்கை

பாட்டில்கள் எந்தெந்த வாசல் வழியாக உள்ளே வருகின்றன என்று முதலில் பட்டியல் போடுங்கள். உணவகம், கடை, தானியங்கி விற்பனை இயந்திரம் ஆகிய மூன்றும் எல்லோர் கண்ணிலும் படும். படாதவை துறைக் கூட்டங்கள், கருத்தரங்குகள், விருந்தினர் இல்லம், விளையாட்டுப் போட்டிகள், தேர்வு மேற்பார்வையாளர்களுக்கு வாங்கும் பெட்டிகள், அலுவலகங்களில் கவிழ்த்து வைக்கும் பெரிய கேன்கள். இவற்றின் பில்கள் ஒவ்வொரு துறையின் சில்லறைச் செலவில் ஒளிந்திருக்கும். கணக்குப் பிரிவில் கேட்டு ஓராண்டு பில்களை எடுங்கள். அரை லிட்டருக்கு உட்பட்டது, ஒரு லிட்டர் வரை, பெரிய கேன் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

வெளியிலிருந்து வாங்கிவரும் பாட்டில் பில்லில் வராது. அதற்குக் குப்பைத்தொட்டியைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து இடங்களைத் தேர்ந்து, விடுமுறையோ தேர்வோ இல்லாத ஒரு வாரத்தில் மூன்று நாள் பாட்டில்களைத் தனியே சேகரியுங்கள். ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஒரே அளவு பாட்டில் இருபதை எடுத்து, உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, மூடியோடு நிறுத்துப் பாருங்கள். இருபதும் சேர்ந்து 300 கிராம் என்றால் ஒன்று 15 கிராம். அந்த அளவு பாட்டில் மட்டும் உள்ள பை 4.5 கிலோ இருந்தால் அதில் 300 பாட்டில். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, தண்ணீரைக் கொட்டாமல் நிறுப்பது. பாதி குடித்துவிட்டு எறிந்த ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டில் பதினேழு பதினெட்டு காலிப் பாட்டிலின் எடையைக் காட்டிவிடும்.

கூடவே, பாட்டில் வாங்குபவர்களிடம் வாங்கும் இடத்திலேயே நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது ஏன் இதை வாங்கினீர்கள்?" குழாயை நம்பவில்லை, சுவை பிடிக்கவில்லை, குளிர்ச்சி வேண்டும், குழாய் தூரம், பாட்டில் எடுத்துவர மறந்துவிட்டேன் என்று ஐந்து வகையில் பதில்கள் அடங்கிவிடும். நூறு பேரிடம் கேட்டால் போதும். ஒவ்வொரு பதிலுக்கும் மருந்து வேறு என்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. குளிர்ச்சி கேட்பவர்கள் அதிகமுள்ள இடத்தில் வடிகட்டியை மாற்றி என்ன பயன்? மறந்துவிட்டு வருபவர்கள் அதிகமென்றால் அங்கே வேண்டியது டம்ளர்.

குழாய்களின் வரைபடம்

ஒவ்வொரு கட்டடத்தின் தள வரைபடத்தையும் வாங்கி, குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது, ஓடுகிறதா, எத்தனை மணிவரை அந்தக் கதவு திறந்திருக்கும் என்று குறியுங்கள். மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் அறைக்குள் இருக்கும் குழாய், இரவு நூலகத்தில் படிப்பவருக்கு இல்லாத குழாய்.

பிறகு ஒரு லிட்டர் அளவுக் குவளையும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு, வகுப்பு இடைவேளை நேரத்தில் ஒவ்வொரு குழாயிலும் ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் அழுத்தம் நன்றாக இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். இந்த விநாடிக் கணக்குதான் வரிசையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. லிட்டருக்கு 30 விநாடி எடுக்கும் குழாயில் 750 மில்லி பாட்டில் நிரம்ப 22 விநாடிக்கு மேல் ஆகும். ஒருவர் நகர்ந்து அடுத்தவர் மூடியைத் திறக்க எட்டு விநாடி சேருங்கள். பதினைந்து நிமிட இடைவேளையில் 29 பேருக்குமேல் நிரப்ப முடியாது. லிட்டருக்குப் பத்தே விநாடி என்றால் அதே நேரத்தில் 58 பேர். விரிவுரை அரங்கிலிருந்து ஒரே சமயத்தில் 120 பேர் வெளியே வரும் இடத்தில் வேகமான குழாய்வாய் இரண்டு இருந்தாலும் இழுபறிதான், மூன்று வேண்டும். புதிய இயந்திரம் வாங்குவதற்கு முன்பு, அடைபட்ட வடிகட்டியையும் பாதி மூடிய வால்வையும் சரிபாருங்கள். மெதுவான குழாய்க்குக் காரணம் பல நேரம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

தண்ணீர்ப் பரிசோதனை

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை வாய்மொழியாகக் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நகராட்சி இணைப்பு, ஆழ்துளைக் கிணறு, லாரி மூன்றும் ஒரே கீழ்நிலைத் தொட்டியில் கலக்கும் கட்டடங்கள் உண்டு. பருவத்துக்குப் பருவம் கலவையும் மாறும். மாதிரி எடுக்க ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது நான்கு இடங்கள் வேண்டும்: உள்ளே நுழையும் குழாய், கீழ்நிலைத் தொட்டி, மேல்நிலைத் தொட்டி, தொட்டியிலிருந்து மிகத் தொலைவான குடிநீர்க் குழாய். நுழையும் இடத்தில் நன்றாக இருந்த தண்ணீர் கடைசிக் குழாயில் கெட்டிருந்தால், கோளாறு கட்டடத்துக்குள் என்று தெரிந்துவிடும்.

கிருமிக்கான மாதிரியையும் ஈயத்துக்கான மாதிரியையும் எடுக்கும் முறை ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. புதியவர்கள் தடுமாறும் இடம் இது.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலையே பயன்படுத்துங்கள். அதன் அடியில் சிறிதளவு சோடியம் தயோசல்பேட் இருக்கும். அது தண்ணீரிலுள்ள குளோரினை முறிப்பதற்கு. அழுக்கு என்று நினைத்து அலசிவிடக்கூடாது. குழாய் முனையில் வலையோ ரப்பர் குழாயோ இருந்தால் கழற்றிவிட்டு, ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். மேலே ஓர் அங்குலம் காலியாக விடுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள், எக்காரணம் கொண்டும் 24 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 100 மில்லியில் ஈ.கோலி பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

ஈயத்துக்கு இதற்கு மாறாக, குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் திறக்காத குழாயிலிருந்து, ஓடவிடாமல் வரும் முதல் ஒரு லிட்டரைப் பிடிக்க வேண்டும். பழைய பற்றவைப்பிலும் பித்தளை இணைப்புகளிலும் இருந்து ஈயம் கசிவது தண்ணீர் தேங்கி நிற்கும்போதுதான். முதலில் ஓடவிட்டால் அது அடித்துக்கொண்டு போய்விடும், அறிக்கையும் சுத்தமாக வரும். ஈயத்துக்கான வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நிலத்தடி நீர் என்றால் ஃபுளோரைடு (1.5 மில்லிகிராம்), நைட்ரேட் (50 மில்லிகிராம்), ஆர்செனிக் (10 மைக்ரோகிராம்) ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் நாட்டின் சட்ட வரம்பு இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே பொருந்தும்.

தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரினை அளக்க மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பயனில்லை, வழியிலேயே குறைந்துவிடும். குழாயடியில் நின்று குளோரின் இருந்தால் நிறம் மாற்றும் டி.பி.டி. மாத்திரை போட்டு, தண்ணீர் எவ்வளவு இளஞ்சிவப்பாகிறது என்று வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பேனா அளவிலுள்ள அந்தக் கருவி மின்கடத்தும் தன்மையை வைத்து, கரைந்துள்ள உப்பின் அளவைத் தோராயமாகச் சொல்கிறது. அவ்வளவுதான். கிருமியும் அதற்குத் தெரியாது, ஈயமும் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரில் 150 காட்டலாம், குடிக்கத் தகுந்த தண்ணீரில் 500 காட்டலாம். டி.டி.எஸ். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் சுவை பொதுவாக நன்றாக இருக்கும், 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது. இது சுவையின் அளவுகோல், பாதுகாப்பின் அளவுகோல் அல்ல. இந்த ஒரு குழப்பத்தால்தான் தேவையே இல்லாத இடங்களிலும் ஆர்.ஓ. (சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும்) இயந்திரம் வாங்கி மாட்டுகிறார்கள்.

மேல்நிலைத் தொட்டி

வடிகட்டிக்குச் செலவழிப்பதற்குமுன் தொட்டியைக் கழுவுங்கள். மூடி சரியாக மூடாதது, வழிந்தோடும் குழாயில் கொசுவலை இல்லாதது, அடியில் விரலளவு சேறு: கட்டடத்துக்குள் தண்ணீர் கெடும் காரணங்களில் பெரும்பகுதி இவைதான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழுவ வேண்டும். வார இறுதியிலோ விடுமுறையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியைக் காலிசெய்து, சேற்றை அள்ளி, சுவரையும் அடியையும் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆள் இறங்கும் தொட்டி என்றால் தனியாக யாரும் இறங்கக்கூடாது. காற்றோட்டம் வேண்டும், மேலே ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இறங்குபவர் இடுப்பில் கயிறு வேண்டும். பிறகு தொட்டியை நிரப்பும்போதே குளோரின் கரைசலைச் சேருங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்பது கணக்கு. 10,000 லிட்டர் தொட்டிக்கு 500 கிராம் குளோரின் ஆகிறது. 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 770 கிராம். 30 சதவீதம் உள்ள சாதாரண பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறக்குறைய 1.7 கிலோ. திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால் புதிய பையையே வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கழிவறை ஆசிடோ வேறு சுத்திகரிப்பானோ அந்த வாளியில் ஒரு சொட்டுகூடக் கலக்கக்கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

வடிகட்டிகளுக்குப் போகும் வால்வுகளை மூடிவிட்டு, கட்டடத்தின் மற்றக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். எல்லாக் குழாயிலும் "குடிக்காதீர்கள்" என்ற அட்டையைத் தொங்கவிடுங்கள். 24 மணி நேரம் அப்படியே நிற்கட்டும். பின்பு முழுவதையும் வடித்துவிட்டு (குளத்திலோ செடியிலோ விடக்கூடாது), புதிய தண்ணீர் நிரப்பி, குளோரின் வழக்கமான அளவுக்கு வந்ததை அளந்து பார்த்து, அட்டைகளை எடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கிருமிச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எந்த வடிகட்டி?

அறிக்கை கையில் வந்தபின்தான் இந்தக் கேள்வி. குளோரின் போட்டு வரும் நகராட்சித் தண்ணீர், எல்லா அளவும் வரம்புக்குள், குறை சுவையும் வாடையும் மட்டும் என்றால் 5 மைக்ரான் வண்டல் வடிகட்டியும் அதற்குப் பின் ஒரு கார்பன் வடிகட்டியும் போதும். உப்பு அதிகம், ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் என்றால் மட்டும் ஆர்.ஓ. சிறிய ஆர்.ஓ. கருவிகளில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போவது சாதாரணம். அந்தக் கழிவுநீருக்குத் தொட்டி வைத்துக் கழிவறைக்கும் தரை கழுவவும் திருப்பிவிட ஏற்பாடு இல்லாமல் ஆர்.ஓ. பொருத்துவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். சுவை கூடுவது அதனால்தான், ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. குளோரின் போன தண்ணீர் குழாயிலோ தொட்டியிலோ தேங்கினால் உட்சுவரில் வழுவழுவென்று கிருமிப் படலம் வளரும். தரைத்தளத்தில் ஒரு பெரிய ஆர்.ஓ. நிலையம், அங்கிருந்து ஐந்து மாடிக்கும் நீளமான குழாய் என்ற திட்டத்தை விற்பனையாளர்கள் விரும்பிச் சொல்வார்கள். பராமரிப்பு ஒரே இடத்தில் என்பது உண்மை. ஆனால் அந்த நூறு மீட்டர் குழாயில் காப்பே இல்லாத தண்ணீர் இரவு முழுவதும் நிற்கும். கார்பன் குழாய்வாயை ஒட்டியே இருக்கட்டும். இடையில் சேமிப்புத் தொட்டி தவிர்க்க முடியாதது என்றால் யு.வி. (புற ஊதா) விளக்கைத் தொட்டிக்குப் பின்னால், வாய்க்குச் சற்று முன்னால் வையுங்கள்.

யு.வி. விளக்கு எரிகிறது என்பதாலேயே கிருமியைக் கொல்கிறது என்று எண்ணக்கூடாது. நீல ஒளி கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், கிருமியைக் கொல்லும் கதிர் குறைந்துகொண்டே போகும். பெரும்பாலான விளக்குகளின் ஆயுள் ஏறக்குறைய 9,000 மணி நேரம், இடைவிடாமல் எரிந்தால் ஓர் ஆண்டு. வாங்கும்போது சதுர செ.மீ.க்கு 40 மில்லிஜூல் கதிரளவு உறுதி தரும் கருவியைக் கேளுங்கள். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடிக் குழலில் படியும் உப்பையும் துடைக்க வேண்டும். கலங்கலான தண்ணீரில் யு.வி. வேலை செய்யாது, கிருமி துகளின் நிழலில் தப்பித்துக்கொள்ளும். வண்டல் வடிகட்டி முன்னால் இருக்க வேண்டும் என்பது இதற்காகவே.

பொருத்தும் இடம்

குழாய் வசதி கழிவறைச் சுவரில்தான் இருக்கும் என்பதால் பிளம்பர் அங்கேயே மாட்டச் சொல்வார். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கழிவறை வாசலில் யாரும் குடிக்க விரும்புவதில்லை. இரண்டு மீட்டர் குழாய் கூடுதலாகப் போட்டுத் திருப்பத்தைத் தாண்டி, வெளிச்சமான நடைபாதையில் வையுங்கள். வாங்கும் இடத்துக்கு எதிரிலேயே வைக்க முடிந்தால் மிக நல்லது: விற்பனை இயந்திரத்துக்குப் பக்கத்தில், உணவகத்தின் காசு செலுத்தும் இடத்துக்கு முன்னால்.

வாய்க்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே 30 செ.மீ. இருந்தால் உயரமான பாட்டிலும் நேராக நிற்கும். சாய்த்துப் பிடித்தால் பாட்டிலின் விளிம்பு வாயில் இடிக்கும், ஒருவர் எச்சில் அடுத்தவருக்குப் போகும். வாய் உள்வாங்கி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்காக ஒவ்வொரு தளத்திலும் ஒரு வாயாவது தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்துக்குள், கீழே முழங்கால் நுழைய இடம்விட்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனி வால்வு, பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் ஒருவழி வால்வு, சரிவோடு வடிகால், வழுக்காத தரை. குளிரூட்டி இருந்தால் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம். தண்ணீர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் இருந்தால் குளிர்ச்சி கேட்பவர்களுக்குப் போதும், அதற்குக் கீழே போனால் மின்சாரம்தான் வீண்.

பராமரிப்பு

பாட்டில் நிரப்பும் நிலையங்கள் செத்துப்போவது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில். முதல் கார்ட்ரிட்ஜ் (வடிகட்டிக்குள் அவ்வப்போது மாற்ற வேண்டிய பகுதி) நன்கொடையோடு வந்தது, இரண்டாவதுக்கு யார் பணம் கொடுப்பது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. தண்ணீர் நூல்போல வரத் தொடங்கும், சிவப்பு விளக்கு எரியும், ஒருநாள் "பழுது" என்று காகிதம் ஒட்டப்படும். அந்தக் காகிதம் ஒரு மாதம் அங்கேயே இருந்தால், அந்தத் தளத்தில் நீங்கள் சேர்த்த நம்பிக்கை முழுவதும் போய்விடும். திரும்பப் பெற ஓர் ஆண்டு ஆகும். ஆகவே கருவி வாங்கும் கோப்பிலேயே ஐந்தாண்டுக்கான கார்ட்ரிட்ஜ், விளக்கு, சோதனைக் கட்டணம் மூன்றையும் ஆண்டுச் செலவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்துக் கருவிக்குப் பணம் இருந்தால் ஏழு வாங்குங்கள், மீதியைப் பராமரிப்புக்கு வையுங்கள்.

கருவியின் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கட்டும்: கார்ட்ரிட்ஜ் மாற்றிய தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி, கடைசிக் கிருமிச் சோதனையின் தேதியும் முடிவும், பழுதைச் சொல்ல வேண்டிய அலுவலக எண், மாற்றியவர் கையெழுத்து. கார்ட்ரிட்ஜுக்கு லிட்டர் கணக்கும் உண்டு, மாதக் கணக்கும் உண்டு. எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். அதிகம் ஓடாத தளத்தில் லிட்டர் மீதமிருக்கிறது என்று இரண்டு ஆண்டு விட்டுவைத்த கார்பன், கிருமி வளர்க்கும் பஞ்சாக ஆகியிருக்கும். வண்டல் வடிகட்டியின் முன்னும் பின்னும் ஓர் அழுத்தமானி பொருத்தினால் இரண்டுக்குமுள்ள வித்தியாசமே அடைப்பைச் சொல்லிவிடும்.

வாயைத் தினமும் துடைக்க வேண்டும், கீழ்த்தட்டை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். வார இறுதிக்குப் பிறகு, கட்டடம் திறக்கும் முன் ஒவ்வொரு வாயையும் தண்ணீரின் குளிர்ச்சி ஒரே சீராக வரும்வரை ஓடவிடுங்கள், அதை வாளியில் பிடித்துத் தரை கழுவலாம். நீண்ட விடுமுறைக்குப் பின் கார்பன் கார்ட்ரிட்ஜை மாற்றிவிட்டே திறக்க வேண்டும்.

"தண்ணீர் நாறுகிறது" என்ற புகார் வந்தால், அதே குழாயிலிருந்து கழுவிய கண்ணாடி டம்ளரில் பிடித்து முகர்ந்து பாருங்கள். டம்ளரில் வாடை இல்லையென்றால் குற்றவாளி புகார் செய்தவரின் பாட்டில். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்துப் பார்த்தால் கறுப்பாகப் பூசணம் இருக்கும். வளையத்தையும் மூடியையும் தினமும் சோப்பால் கழுவி, பாட்டிலைக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும் என்ற ஒரு வரியை நிலையத்திலேயே எழுதி ஒட்டுங்கள். கை பிரஷ் நுழையும் அகலவாய் பாட்டிலே வளாகத்துக்கு ஏற்றது. எல்லோருக்கும் புதுப் பாட்டில் வாங்கிக் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பலர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மூன்று இருக்கும். அந்தப் பணத்தில் நூலகத்தில் இரவல் பாட்டில்களும், உணவகத்தில் கழுவிய டம்ளர்களும் வைப்பது மேல்.

நம்பிக்கை

சோதனை அறிக்கையை இணையத்தில் மட்டும் ஏற்றினால் யாரும் பார்ப்பதில்லை. குழாய்க்குமேல் கண் உயரத்தில் ஒரு தாள்: என்ன சோதித்தோம், என்ன வந்தது, வரம்பு என்ன, எந்தத் தேதி. ஒரு முறை முடிவு மோசமாக வந்தால் அதையும் போடுங்கள். குழாயை மூடிய நேரம், செய்த வேலை, மறுசோதனையின் முடிவு எல்லாம் அதே தாளில் வரட்டும். கெட்ட செய்தியை மறைக்காத பலகையைத்தான் நல்ல செய்தி சொல்லும்போது ஆட்கள் நம்புவார்கள்.

சுவை பற்றிய சந்தேகத்துக்கு மூன்று டம்ளர் சோதனை வையுங்கள். இரண்டு டம்ளரில் ஒரே தண்ணீர், மூன்றாவதில் வேறு. ஒரே வகை டம்ளர், ஒரே குளிர்ச்சி, டம்ளருக்கு மூன்று இலக்க எண் மட்டும். எது மாறுபட்டது என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார். 30 பேரில் 15 பேருக்குக் குறைவாகச் சரியாகச் சொன்னால், அவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. 15 அல்லது அதற்குமேல் வந்தால் சுவையில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது, வடிகட்டியைப் பாருங்கள். பாட்டில் தண்ணீரைக் குளிரவைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை வெதுவெதுப்பாகக் கொடுத்தால் சோதனை கெட்டது.

குளோரின் வாடைக்கு ஒரு எளிய வழி: மூடி லேசாகத் திறந்த ஜாடியில் ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். உங்கள் ஊர்த் தண்ணீரில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போடுகிறார்கள் என்றால் இந்த வழி பலிக்காது, கார்பன்தான் வேண்டும்.

கூட்டங்களும் நிகழ்ச்சிகளும்

விரைவாக எண்ணிக்கை குறைவது இங்கேதான், முடிவெடுப்பவர்கள் சிலரே என்பதால். மூன்று மணி நேரக் கருத்தரங்குக்கு 100 பேர் வந்தால் ஆளுக்கு 600 மில்லி என்று 60 லிட்டர் வையுங்கள். குழாய் வைத்த 20 லிட்டர் கலன் மூன்று, இரண்டு இடங்களில் பிரித்து, மேசைமேல் ஜாடி நிற்கும் உயரத்தில். டம்ளர் 130. மேடைக்கு மூடிபோட்ட ஜாடியும் கண்ணாடி டம்ளரும். கலனை நிரப்பவும் டம்ளரைக் கழுவவும் ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லாத நிகழ்ச்சியில் இரண்டாவது மணி நேரத்தில் கலன் காலியாகி, யாராவது ஓடிப்போய் பாட்டில் பெட்டி வாங்கி வருவார். வெயிலில் நடக்கும் விளையாட்டுக்கு ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் கணக்கிடுங்கள்.

இதோடு கணக்குப் பிரிவில் ஒரு விதி சேர வேண்டும்: காரணம் எழுதாமல் பாட்டில் தண்ணீருக்குத் துறைச் செலவு திருப்பித் தரப்படாது. சுவரொட்டிகள் செய்யாத வேலையை இந்த ஒரு வரி செய்யும்.

விற்பனையை நிறுத்துவது

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில் வளாகத்தில் பாட்டில் தண்ணீர் விற்பனையை நிறுத்தியது. பாட்டில் நிரப்பும்படி குடிநீர்க் குழாய்களும் மாற்றி அமைக்கப்பட்டிருந்தன. ஆனால் 2015-இல் வெளியான ஆய்வு, தடைக்குப்பின் ஆளொன்றுக்கு வளாகத்துக்குள் வந்த பாட்டில்கள் குறையவில்லை, கூடின என்று காட்டியது. சர்க்கரையும் கூடியது. தண்ணீர் இல்லாத குளிர்பெட்டியில் மற்றப் பானங்கள் அப்படியே இருந்தன. கடை வாசலில் தாகத்தோடு நிற்பவர் குழாயைத் தேடாமல் கையெட்டும் பானத்தை எடுத்துக்கொள்வார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, விற்பனையை நிறுத்தக்கூடாது என்பதல்ல. தண்ணீரை மட்டும் அகற்றக்கூடாது. முதலில் ஒவ்வொரு விற்பனை இடத்திலிருந்தும் பத்து இருபது அடிக்குள் நிரப்பும் வாயும் டம்ளரும் வரட்டும். ஒரு கல்விப் பருவம் ஓடட்டும். பிறகு கூட்டங்களில் நிறுத்துங்கள், அலுவலகக் கேன்களை நேரடிக் குழாய் இணைப்புக்கு மாற்றுங்கள். சில்லறை விற்பனைக்குக் கடைசியில் வாருங்கள், அப்போதும் இனிப்புப் பானங்களின் பாட்டில்களையும் சேர்த்தே குறையுங்கள். அதற்குமுன் விற்பனை இயந்திர ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் தேதி, குறைந்தபட்ச விற்பனை அளவு, அதை எட்டாவிட்டால் அபராதம், வளாகத்தில் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் உரிமையா என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு ஓர் ஆண்டு முன்பே பேச்சைத் தொடங்கினால்தான் விதிகளை மாற்ற முடியும். உணவகம் நடத்துபவரிடமும் அப்போதே பேசுங்கள். அவர் வருமானத்தில் கைவைக்கும் முடிவை அவர் சுற்றறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்வது நியாயமல்ல.

விளைவை அளக்க, முதலில் எண்ணிய அதே மாதத்தில், அதே ஐந்து இடங்களின் குப்பைத்தொட்டிகளில், அதே முறையில் மறுபடி எண்ணுங்கள். தண்ணீர் மட்டுமின்றி எல்லாப் பான பாட்டில்களையும் எண்ணி, மொத்தத்தை அன்று வளாகத்திலிருந்தவர் எண்ணிக்கையால் வகுங்கள். நிலையத்தின் திரையில் ஓடும் "மிச்சமான பாட்டில்கள்" என்ற எண்ணை அறிக்கையில் போடாதீர்கள். ஓடிய தண்ணீரை ஒரு பாட்டிலின் கொள்ளளவால் வகுத்த கணக்குதான் அது. என்றும் பாட்டில் வாங்காத ஒருவர் தம் பாட்டிலை நிரப்பினாலும் அந்த எண் ஏறும்.

விதிவிலக்குகளை முன்கூட்டியே எழுதிவையுங்கள். குடிநீர்க் குழாய் உடைப்பு, மாசு எச்சரிக்கை, மருத்துவ அவசரம் மூன்றுக்கும் பாட்டிலோ கேனோ தேவைப்படும். விடுதிகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வீதம் இரண்டு நாள் இருப்பு, வெயில் படாத அறையில், காலாவதி தேதி வெளியே தெரியும்படி அடுக்கி. அந்த அறையின் சாவி யாரிடம் என்பது இரவுக் காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.